முன்வாசல் முதல் படி

பேருந்துக் கழகத்தின் பணிமனைக்குப் போய் அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் வாசல் காவலாளி தலையைச் சொறிவார். "ஷரத்து சார் இருக்காரா?" என்று கேட்டுப் பாருங்கள். "முதல் மாடி, தெருப் பக்கத்து ஜன்னல். ஃபைலுக்குள்ள தலையை விட்டுட்டு உக்காந்திருப்பாரு" என்று உடனே கையைக் காட்டுவார். அவர் கொள்முதல் பிரிவின் கண்காணிப்பாளர். இருபத்து நான்கு வருடங்களாக அந்தக் கழகம் வாங்கிய ஒவ்வொரு பேருந்தும் முதலில் அவருடைய காகிதத்தில்தான் ஓடியது. தகரமும் சக்கரமும் அதற்கப்புறம்தான்.

பேருந்து வாங்குவது கடைக்குப் போய்க் கத்தரிக்காய் பொறுக்குவது போல இல்லை. எப்படிப்பட்ட வண்டி வேண்டும் என்று ஷரத்து ஷரத்தாக, அதாவது நிபந்தனை நிபந்தனையாக எழுதி, புத்தகமாகக் கட்டி, டெண்டர் விட வேண்டும். அவர் வேலைக்குச் சேர்ந்தபோது அந்தப் புத்தகத்தில் இருந்தவை நாற்பது ஷரத்துகள். இப்போது நூற்று நாற்பத்து மூன்று. நடுவில் முளைத்த நூற்று மூன்றும் இந்த மனிதர் பெற்ற பிள்ளைகள்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆள் உண்டு. ஓட்டுநர் இருக்கைக்கு இடது பக்கம் ஒரு சாண் அகலத் தகரத் தட்டு இருக்க வேண்டும் என்பது அறுபத்திரண்டாம் ஷரத்து. ஹாரன் என்று எல்லோரும் கூப்பிடும் மூத்த ஓட்டுநர், சாப்பாட்டு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு வளைவில் திரும்பும்போது குழம்பைக் கால்சட்டையில் கொட்டிக்கொண்டு வந்து நின்ற நாளில் எழுதியது. கதவுக்கு மேலே மழைத்தண்ணீர் வடிய ஒரு மடிப்பு வேண்டும் என்பது எழுபத்தொன்று. அதற்குக் காரணம் பணிமனையைக் கூட்டும் அக்கா. "ஏறும்போது பிடரியிலயே ஊத்துது சார், வேணும்னே பண்ற மாதிரி" என்று அவர் போகிற போக்கில் சொன்னதுதான். ஜன்னல் மேலிருந்து மட்டும் திறக்க வேண்டும், இருக்கையின் முதுகில் பிள்ளைகள் பிடிக்க ஒரு வளையம் வேண்டும், வண்டி அந்த ஊர்ப் பேருந்துக்கே உரிய கரும்பச்சையில் இருக்க வேண்டும். யாராவது வந்து குறை சொன்னால் போதும், மனிதர் உடனே சட்டைப்பையிலிருந்து அளவு நாடாவை உருவுவார். அப்படி ஒரு ஆளைப் பார்த்து எரிச்சல்படவும் முடியாது. படாமல் இருக்கவும் முடியாது.

இதில் வேடிக்கை என்னவென்றால், மனிதர் பேருந்தில் ஏறுவதே இல்லை. வீட்டிலிருந்து பணிமனை இருபது நிமிட நடை. எட்டு மணிக்குச் செருப்பை மாட்டினால் எட்டு இருபதுக்கு ஜன்னலைத் திறந்துவிடுவார். மாலையிலும் நடைதான். ஞாயிற்றுக்கிழமை எங்காவது போக வேண்டுமென்றாலும் "பக்கம்தானே" என்பார். மிட்டாய்க் கடைக்காரர் மிட்டாய் தின்னாதது மாதிரி என்று சிலர் கேலி செய்வார்கள். அவர் கண்டுகொள்ள மாட்டார்.

பேருந்தில் போகிறவள் அவருடைய மனைவி. ஊரின் மறுகோடியில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியின் துணி அறை அவளுடைய ராஜ்ஜியம். படுக்கை விரிப்பு, தலையணை உறை, அறுவை அறையின் பச்சைத் துணி எல்லாம் அவள் கண்ணில் பட்டுத்தான் வெளியே போகும். ஆறு தையல் இயந்திரங்கள், அவளுக்குக் கீழே ஆறு பெண்கள், ஒரு பெரிய சாவிக்கொத்து. ஓய்வூதியத்துக்கு இன்னும் நான்கு வருடம் பாக்கி. தெருமுனையில் ஒன்பதாம் எண் வண்டி ஏறினால் நாற்பது நிமிடத்தில் ஆஸ்பத்திரி வாசல். வேறு எந்தத் தடமும் அந்தப் பக்கம் போவதில்லை.

பதினோரு வருடங்களுக்கு முன்னால் சலவைக்கூடத்தின் ஈரத் தரையில் வழுக்கி விழுந்து அவளுக்கு வலது முழங்கால் போயிற்று. மூன்று மாதம் படுத்திருந்தாள். எழுந்து மறுபடி வேலைக்குக் கிளம்பிய முதல் நாள், வாசலைத் தாண்டும்போது அவள் பல்லைக் கடித்ததை அவர் பார்த்தார். நேரே பணிமனைக்குப் போய், நின்றிருந்த ஒரு வண்டியின் முன்னால் குனிந்து நாடாவைப் பிடித்தார். தரைக்கும் முதல் படிக்கும் முப்பத்தாறு சென்டிமீட்டர். அந்த வருட டெண்டரில் தொண்ணூற்றேழாம் ஷரத்து புதிதாகச் சேர்ந்தது: முன்வாசல் முதல் படி தரையிலிருந்து இருபத்தாறு சென்டிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. காரணம் என்ற கட்டத்தில் 'முதியோர் நலன்' என்று எழுதினார். உண்மைக் காரணத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை, அவளிடமும்தான். அரசாங்கக் காகிதத்தில் பெண்டாட்டியின் முழங்காலை எழுத முடியுமா என்ன.

அந்த வண்டிகள் கடல் தாண்டி வந்தன. அங்கிருந்த தொழிற்சாலை முப்பது நாடுகளுக்குப் பேருந்து செய்தது. நம்மவர் எத்தனை ஷரத்து எழுதி அனுப்பினாலும் அவர்கள் முகம் சுளித்ததில்லை. தட்டு என்றால் தட்டு, மடிப்பு என்றால் மடிப்பு. கப்பலில் வந்து இறங்கிய வண்டியை ஷரத்து சார் நாடாவோடு சுற்றி வருவார். கழகத்தில் அவர் சிரித்துப் பார்க்க வேண்டுமென்றால் அன்றைக்குத்தான் பார்க்க வேண்டும்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோதுதான் புதுச் சட்டம் வந்தது. மக்கள் பணத்தில் வாங்கும் எந்த வண்டியும், நூறு பாகத்துக்கு எழுபது பாகமாவது உள்நாட்டில் செய்ததாக இருக்க வேண்டும். மிச்ச முப்பது பாகம் வெளியிலிருந்து வந்தால் அதற்குத் தனி வரி. கடல் தாண்டிய தொழிற்சாலை ஒரு மரியாதையான கடிதம் எழுதிவிட்டு ஒதுங்கிக்கொண்டது. உள்நாட்டில் பேருந்து செய்கிறவர்கள் இரண்டே பேர். ஒருவர் ராணுவ லாரி வேலையில் அடுத்த வருடம் வரை மூச்சு விட நேரமில்லை என்றார். மிச்சம் ஒருவர். டெண்டர் பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரே ஒரு உறை கிடந்தது. உறையைப் பிரித்துப் படித்த ஷரத்து சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். எழுதியிருந்த விலை மாறவில்லை.

பொது மேலாளர் கூப்பிட்டு அனுப்பினார். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடமே ஆன, சுறுசுறுப்பான பெண். ஷரத்து சாரிடம் மட்டும் கொஞ்சம் குரலைத் தாழ்த்திப் பேசுவார்.

"உக்காருங்க சார். இருபது பஸ்ஸுக்குன்னு ஒதுக்கின பணம். இந்த விலைக்கு எத்தனை வரும்?"

"பதினாலு மேடம்."

"பழைய வண்டி எத்தனை கழியுது?"

"பதினெட்டு. தகுதிச் சான்று இந்த வருஷத்தோட முடியுது. அதுக்கப்புறம் ரோட்டுல விட முடியாது."

"அப்போ நாலு தடம் நிக்கும்." அவர் ஒரு காகிதத்தை நகர்த்தினார். "எதை நிறுத்தலாம்னு பட்டியல் போட்டிருக்கோம். ஒவ்வொரு வண்டி குறையக் குறைய மேலேருந்து ஒவ்வொண்ணா எடுக்கணும். பதினேழே வந்தாலும் முதல்ல இருக்கறது நின்னுதான் ஆகணும். தூரம் ஜாஸ்தி, கூட்டம் கம்மி."

பட்டியலின் முதல் வரியில் ஒன்பது என்று இருந்தது. ஷரத்து சார் காகிதத்தை மேலாளர் பக்கமே திருப்பி நகர்த்தினார். மேலாளருக்கு அவர் மனைவி எங்கே வேலை செய்கிறாள் என்பதெல்லாம் தெரியாது. சொன்னால் தன் வீட்டுக்காக வாதாடுகிற மாதிரி ஆகிவிடும். மென்று விழுங்கினார்.

"கம்பெனிக்காரங்களை வரச் சொல்லிப் பேசிப் பாக்கறேன் மேடம். பதினெட்டு வர வைக்கிறேன்."

சொல்லிவிட்டாரே தவிர, எப்படி வர வைப்பது என்று அவருக்கே தெரியாது.

மூன்று நாள் கழித்து உள்நாட்டுத் தொழிற்சாலையிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்தார். எண்ணெய் ஏறிய நகங்கள், சலவைச் சட்டை, தூக்கம் போதாத கண்கள். ஷரத்து சார் சண்டைக்குத் தயாராகத்தான் உட்கார்ந்திருந்தார். ஒரே ஆள்தான் விற்கிறான் என்றதும் கொள்ளை அடிக்கப் பார்க்கிறார்கள் என்பது அவருடைய எண்ணம். ஒரு மணி நேரம் வாங்கு வாங்கென்று வாங்கினார். வந்தவர் டீயை ஆறவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நான் ஒண்ணு சொல்லலாமா சார்? விலை கூடினதுல பாதி வரியும், இங்க செய்யற பாகத்தோட செலவும். அதை நான் ஒண்ணும் பண்ண முடியாது. மீதிப் பாதி உங்க புஸ்தகம்."

"என் புஸ்தகமா?"

"நாங்க வருஷத்துக்கு நானூறு பஸ் பண்றோம். எல்லாம் ஒரே மாதிரி. உங்க வண்டிக்காக நூத்திமூணு இடத்துல மெஷினை நிறுத்தி மாத்தணும். பதினாலு வண்டிக்காக."

"முன்னாடி அவங்க வாயே திறக்காம பண்ணிக் குடுத்தாங்களே."

"அவங்க முப்பது நாட்டுக்குப் பண்றாங்க சார். உங்க பச்சை கலர் அங்க இன்னும் பத்து ஊருக்குப் போயிருக்கும். அந்தத் தாழ்வான படி அவங்க மத்த ஊருக்குப் பண்ற வண்டியிலயும் இருக்கறதுதான். எங்ககிட்ட அதுக்கு அச்சே கிடையாது, புதுசா வார்க்கணும். வார்க்கற செலவைப் பதினாலால வகுத்துப் பாருங்க."

"இந்தச் சட்டம் போட்டவங்களை வரிசைல நிக்க வச்சு…" என்று ஆரம்பித்தார் ஷரத்து சார்.

இன்ஜினியர் குவளையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "சட்டம் வரலைன்னா எங்க பட்டறை போன வருஷமே பூட்டியிருக்கும் சார். முந்நூறு குடும்பம். எனக்கும் ரெண்டு பொண்ணுங்க."

ஷரத்து சார் புத்தகத்தை மூடினார். திட்டுவதற்கென்று சேர்த்து வைத்ததெல்லாம் வீணாகப் போயிற்று. யார் மேலாவது கோபப்பட்டால் மனசு கொஞ்சம் ஆறும். அதற்கும் வழியில்லை. இன்னொரு டீ வரவழைத்து, "இதையாவது சூடா குடிங்க" என்றார்.

கடைசியில் இன்ஜினியர் கணக்குப் போட்டுக் கொடுத்தார். தொண்ணூற்றேழைத் தவிர மற்ற நூற்று இரண்டையும் எடுத்துவிட்டால் பதினேழு வண்டி. தொண்ணூற்றேழையும் எடுத்தால் பதினெட்டு.

அன்று மதியமே சிவப்புப் பேனாவை எடுத்தார். அடிப்பது சுலபமாக இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம் இருந்ததே, அதுதான் தொல்லை. இன்னொருவராக இருந்தால் கோடு போட்டுத் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார். இவர் புத்தகத்தை இடுக்கிக்கொண்டு ஒவ்வொருவரிடமும் அனுமதி கேட்கக் கிளம்பினார். ஒரு வாரம் பணிமனையில் இதே பேச்சுத்தான்.

ஹாரன் டயர் மேல் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அறுபத்திரண்டை எடுக்க வேண்டியிருக்குப்பா. உன் தட்டு."

ஹாரன் மெல்லுவதை நிறுத்தினார். "எங்க வீட்டுல அதைப் பத்திப் பெருமையா சொல்லியிருக்கேன் சார். டிரைவர் சாப்பாட்டைப் பத்திக்கூட ஒரு மனுஷன் யோசிச்சிருக்காருன்னு."

"தெரியும்."

"எடுத்தா எத்தனை பஸ் கூட வரும்?"

"இது ஒண்ணுக்கு வராது. எல்லாம் சேந்தா மூணு."

"அப்ப எடுங்க. மடியில வச்சுக்கறேன். குழம்பைக் கெட்டியா வைக்கச் சொல்லிட்டா போச்சு."

கூட்டுகிற அக்கா அவ்வளவு சுலபத்தில் விடவில்லை. "பிடரியிலதானே ஊத்தும், ஊத்தட்டும். அந்தச் சட்டம் போட்டவங்க பிடரியிலயா ஊத்துது?" என்று துடைப்பத்தைத் தட்டினார். பிறகு அவரே, "சரி சரி, மூஞ்சியைத் தொங்கப் போடாதீங்க, அடிச்சுக்கங்க" என்றார். கரும்பச்சையை அடித்த அன்று பெயின்டர் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. பேனா மை ஒரு முறை தீர்ந்து மாற்றிக்கொண்டார். சனிக்கிழமை மத்தியானம் புத்தகத்தில் அவருடைய ஷரத்து ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது.

தொண்ணூற்றேழு. அதை அவர் யாரிடம் போய்க் கேட்பார்?

நினைத்துப் பாருங்கள். படியை வைத்துக்கொண்டால் அவள் ஏறுவதற்கு வண்டி வராது. வண்டி வர வேண்டுமென்றால் அவள் ஏறுவதற்குப் படி இருக்காது. பத்து சென்டிமீட்டர்தான். ஆனால் அந்தப் பத்து சென்டிமீட்டர் என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியும். பதினோரு வருடமாக ஒவ்வொரு காலையும் அவரை வழியனுப்ப வீட்டு வாசலுக்கு வரும் அவள் சுவரைப் பிடிப்பதைப் பார்த்துக்கொண்டுதான் செருப்பை மாட்டுகிறார். வேலையை விட்டுவிடு என்று சொல்லலாம். சொன்னால் அவள் விட்டும் விடுவாள். அதற்கப்புறம் அந்தச் சாவிக்கொத்து இல்லாத இடுப்பை அவர் எந்த முகத்தோடு பார்ப்பது? மனிதருக்கு அழுகையே வந்துவிட்டது. அலுவலகத்தில் யாரும் இல்லாததால் கொஞ்சம் அழுதும் கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை பகல் அவள் கட்டிலில் உட்கார்ந்து அவருடைய சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். முழங்காலுக்குக் கீழே ஒரு தலையணை. அவர் அறைக்குள் வருவதும் போவதுமாக இருந்தார். அலமாரியைத் திறந்தார், மூடினார். தண்ணீர் குடித்தார். மறுபடி அலமாரியைத் திறந்தார்.

"என்ன தொலைச்சீங்க?" என்றாள் அவள், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஒண்ணும் இல்லை."

"ஒரு வாரமா சரியா சாப்பிடலை. நடுவுல நடுவுல என் காலையே பாக்கறீங்க. சொல்லிடுங்க. எனக்கு ஏதாவது நோயா, உங்களுக்கா?"

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். சட்டம், ஒற்றை உறை, பட்டியலின் முதல் வரி, பதினேழு, பதினெட்டு. தொண்ணூற்றேழாம் ஷரத்தைச் சொல்லும்போது மட்டும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டார்.

"அது முதியோருக்குன்னு எழுதினேன். ஆனா அது உனக்காகப் போட்டது. உன் முட்டிக்காக. நீ ஏற சுலபமா இருக்கட்டும்னு."

அவள் ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சாதாரணச் சிரிப்பு இல்லை. கண்ணில் தண்ணீர் வந்து, தலையணை கீழே விழுந்து, சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொள்ளும் அளவுக்குச் சிரித்தாள்.

"எந்த வாசல் படி?"

"முன்வாசல்."

"ஏங்க, நான் ஒரு நாள்கூட முன்வாசல்ல ஏறினதில்லை. பின்வாசல்லதான் ஏறுவேன்."

ஷரத்து சாருக்கு ஒன்றும் புரியவில்லை. பின்வாசல் படிக்கு அவர் ஷரத்தே எழுதவில்லை. அது பழைய முப்பத்தாறு சென்டிமீட்டர்தான்.

"பின்வாசல்லயா? ஏன்?"

"முன்வாசல்ல என்ன போர்டு மாட்டியிருக்கு தெரியுமா? 'முதியோர் இவ்வழியாக ஏறவும்.' அது கீழ நான் ஏறுவேனா? அப்ப எனக்கு நாப்பத்தி மூணு வயசு. எங்க துணி அறைப் பொண்ணுங்களும் அந்த வண்டியிலதான் வருவாங்க. மானம் போயிடும்."

அந்தப் போர்டும் ஷரத்து சார் வைத்ததுதான். தொண்ணூற்றெட்டாம் ஷரத்து. படியைத் தாழ்த்தியாயிற்று, யாருக்கென்று எழுதிப் போடாமல் எப்படி என்று சேர்த்தது.

"பதினோரு வருஷமா அவ்வளவு உசரத்துல ஏறறியா நீ? வலிக்கலை?"

"வலிக்கும். அதுக்குன்னு? இடது கையால கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நல்ல காலை முதல்ல வைப்பேன். கண்டக்டர் கை குடுப்பாரு. நீங்க ஒரு நாள் என்கூட வந்திருந்தா தெரிஞ்சிருக்கும். பஸ் வாங்கற மனுஷனுக்கு பஸ்ல ஏற நேரம் இல்லை."

அது தைத்தது. அவர் நாற்காலியில் சுருங்கிப் போய் உட்கார்ந்திருந்தார். அவளுக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். கையை நீட்டி அவர் தலையில், முடி இல்லாத இடத்தில், லேசாகத் தட்டினாள்.

"எனக்காகவா போட்டீங்க அதை? கவர்ன்மென்ட் பேப்பர்லயா?"

"ஆமா."

"பைத்தியம்" என்றாள் அவள். சட்டையை மறுபடி எடுத்துக்கொண்டாள். ஒரு பொத்தானைத் தைத்து முடித்து, "முதல்ல அதை அடிங்க. வண்டி வரட்டும். எங்க ஸ்டாப்புல தினமும் கைத்தடியோட ஒரு ஐயா ஏறுவாரு, அந்தக் கைத்தடி ஐயா மாதிரி ஆளுங்கதான் முன்வாசல்ல ஏறுவாங்க. அவங்களுக்கு வேற ஏதாவது வழி பண்ணுங்க" என்றாள்.

திங்கட்கிழமை அடித்தார். கோடு நேராக வரவில்லை. பணிமனைத் தச்சரைக் கூப்பிட்டு, கழிந்த வண்டிகளின் தரைப்பலகையை அறுத்துப் பதினெட்டு மரப்படிகள் செய்யச் சொன்னார். பத்து சென்டிமீட்டர் உயரம், பிடித்துத் தூக்கக் கயிறு. பழைய பலகைக்கு டெண்டரும் வேண்டாம், வரியும் இல்லை. யாருக்காவது தேவையென்றால் நடத்துநர் இறங்கிப் போட்டு எடுக்க வேண்டும். நடத்துநர்கள் முணுமுணுத்தார்கள். ஷரத்து சார் காது கேட்காத மாதிரி இருந்துகொண்டார்.

ஏழு மாதம் கழித்துப் பதினெட்டு வண்டிகள் வந்தன. எல்லாம் வெள்ளை. தட்டு இல்லை, மடிப்பு இல்லை, வளையம் இல்லை. எந்த ஊருக்கும் பொருந்துகிற, எந்த ஊருடையதும் இல்லாத வண்டிகள். ஷரத்து சார் நாடாவோடு சுற்றி வரவில்லை. ஓர் ஓரமாக நின்று பார்த்துவிட்டுப் படியேறிப் போய்விட்டார். ஓட்டுநர் பக்கம் மட்டும் ஒரு சின்னக் கொக்கி இருந்தது. இன்ஜினியர் சொல்லாமல் போட்டு அனுப்பியிருந்தார். ஹாரன் அதில் டப்பாவை ஒரு பையில் போட்டு மாட்டினார்.

புது வண்டி ஒன்பதாம் தடத்தில் ஓடிய முதல் நாள், எட்டு மணிக்குக் கிளம்ப வேண்டிய மனிதர் கிளம்பவில்லை. எட்டு இருபத்தைந்துக்கு மனைவியோடு தெருமுனையில் நின்றார். அவளுக்கு ஒரே சங்கடம்.

"நாடாவை உள்ள வைங்க. எல்லாரும் பாக்கறாங்க."

வண்டி வந்தது. பின்வாசல் படி முப்பத்தெட்டு சென்டிமீட்டர். பழையதைவிட இரண்டு கூட. அந்த இரண்டையும் எந்த முழங்கால் தாங்கப் போகிறது என்பது அவருக்குத் தெரிந்தது. நடத்துநர் மரப்படியோடு இறங்கப் பார்த்தார். "அதெல்லாம் முன்னாடி போடுங்க" என்று அவள் முறைத்ததில் அவர் அப்படியே முன்பக்கம் நடந்தார். அங்கே கைத்தடி ஐயா காத்திருந்தார். அவள் இடது கையால் கம்பியைப் பிடித்தாள். வலது கையை ஷரத்து சார் பிடித்துக்கொண்டார். நல்ல காலை முதலில் வைத்தாள். ஒரு கணம் பல்லைக் கடித்தாள். ஏறிவிட்டாள்.

ஏறியதும் நேரே இடது பக்கக் கடைசி ஜன்னல் இருக்கைக்குப் போனாள். அந்த இடத்தில் வேறு யாரும் உட்காரவில்லை. அவளுடைய இடம் என்பது வழக்கமாக வருகிறவர்களுக்குத் தெரிந்திருக்கும் போலிருந்தது. அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். பதினைந்து நிமிடத்தில் வண்டி பணிமனைத் தெருவுக்குள் திரும்பியது. கட்டடத்தை ஒட்டி, வேகத்தடைக்காக மெதுவாகப் போயிற்று.

அவர் எதேச்சையாக நிமிர்ந்தார். முதல் மாடி ஜன்னல் நேர் எதிரே இருந்தது. அவருடைய ஜன்னல். மேஜை தெரிந்தது, ஃபைல் அடுக்கு தெரிந்தது, நாற்காலியின் முதுகு தெரிந்தது. இன்றைக்கு அதில் யாரும் இல்லை.

"போர்டுக்காகத்தான் பின்னாடி ஏறினேன், முதல்ல" என்றாள் அவள். வெளியே பார்த்துக்கொண்டேதான் சொன்னாள். "அப்புறம் இந்த சீட்டுலேருந்து உங்களைப் பாக்கலாம்னு தெரிஞ்சுது. முன்வாசல்ல ஏறினா இங்க வந்து சேர்றதுக்குள்ள பஸ் ஆடும், முட்டி தாங்காது. அதான் பின்வாசல். தினமும் எட்டு நாப்பதுக்கு உங்க தலையைப் பாத்துட்டுத்தான் வேலைக்குப் போறேன்."

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒரு நாளாவது சொல்லியிருக்கலாமே" என்றார்.

"நீங்க ஒரு நாளாவது நிமிந்து திரும்பிப் பாத்திருக்கலாமே."

ஜன்னல் பின்னால் போய்விட்டது. அவர் அவள் கையை விடவில்லை. துணி அறைப் பெண்கள் இரண்டு இருக்கை முன்னால் உட்கார்ந்து திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள், அதற்காகவும் விடவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது அவள் சொன்னாள். "நாளைக்கு வழக்கம்போல நடந்தே போங்க. ஏத்தி விட கண்டக்டர் இருக்காரு. நீங்க அங்க இருந்தாதான் எனக்கு நல்லா இருக்கு."

மறுநாள் காலை எட்டு இருபதுக்கு ஷரத்து சார் ஜன்னலைத் திறந்தார். பிறகு மேஜையின் இரண்டு கால்களைப் பிடித்து இழுத்தார். அந்த அலுவலகத்தில் ஒரு குறிப்பு எழுதி மூன்று கையெழுத்து வாங்காமல் யாரும் மேஜையை நகர்த்தியதில்லை. சத்தம் கேட்டுப் பக்கத்து அறை குமாஸ்தா எட்டிப் பார்த்தார்.

"என்ன சார் பண்றீங்க?"

"வெளிச்சம் சரியா விழலை" என்றார் அவர், மூச்சு வாங்க.

மேஜையைத் தெருவைப் பார்த்துத் திருப்பிப் போட்டு, நாற்காலியில் உட்கார்ந்து, ஃபைலை மூடி வைத்தார். கடிகாரத்தைப் பார்த்தார். எட்டு முப்பத்திரண்டு. இன்னும் எட்டு நிமிடம் இருந்தது. அவர் காத்திருந்தார்.